அட்லஸ் கிளஸ்டருக்கு ஐபி அணுகல் பட்டியல் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாங்கோடிபி டேட்டாபேஸைக் கிளவுடில் நடத்தித் தரும் சேவையான அட்லஸில் உருவாக்கும் எந்தக் கிளஸ்டரும் (ஒரே டேட்டாபேஸாக இயங்கும் சர்வர்களின் கூட்டம்), நாம் அனுமதித்த ஐபி முகவரிகளிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தும், அரை நிமிடம் காத்திருந்து 'சர்வரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை' என்ற பிழையில் செயலி வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான் காரணம்.

பட்டியலில் ஒரு வரி சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் சர்வர், இரவில் ஓடும் பேட்ச் வேலை, டெவலப்பரின் லேப்டாப் ஆகிய ஒவ்வொன்றும் எந்த முகவரியோடு இணையத்துக்கு வெளியே போகிறது, அந்த முகவரி அடுத்த வாரமும் அதேதானா என்பது பல குழுக்களுக்குத் தெரிவதில்லை. தெரியாதபோது 0.0.0.0/0 என்று போட்டு உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆகவே முதலில் நம் பக்கத்து வெளியேறும் முகவரிகளைச் சரிசெய்வோம், பட்டியலை அதற்குப் பிறகு தொடுவோம்.

பட்டியல் எதைக் காக்கிறது, எதைக் காக்காது

அணுகல் பட்டியல் ப்ராஜெக்ட்டுக்கு உரியது, தனிக் கிளஸ்டருக்கு உரியதல்ல. ஒரு ப்ராஜெக்ட்டில் மூன்று கிளஸ்டர்கள் இருந்தால், சேர்க்கும் ஒவ்வொரு முகவரிக்கும் மூன்றும் திறக்கும். சோதனைக் கிளஸ்டருக்காக ஒரு டெவலப்பரின் வீட்டு முகவரியைச் சேர்த்தால், அதே ப்ராஜெக்ட்டில் இருக்கும் ப்ரொடக்‌ஷன் கிளஸ்டருக்கும் அந்த வீட்டிலிருந்து வழி கிடைத்துவிடும். ப்ரொடக்‌ஷனுக்கும் சோதனைக்கும் தனித்தனி ப்ராஜெக்ட் வைப்பதுதான் சரியான அமைப்பு. உடனே பிரிக்க முடியாவிட்டால், டேட்டாபேஸ் யூசரை உருவாக்கும் இடத்தில் அவருக்கு எந்தக் கிளஸ்டர் என்று கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. குறைந்தது அதையாவது பயன்படுத்துங்கள்.

இந்தப் பட்டியல் டேட்டாபேஸ் இணைப்பை மட்டுமே வடிகட்டும். அட்லஸ் வலைத்தளத்தில் லாகின் செய்து டேட்டா எக்ஸ்ப்ளோரர் வழியாக ஆவணங்களைப் பார்ப்பவரை அது தடுக்காது. அங்கே காவல் கணக்கின் பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும்தான். நிர்வாக ஏபிஐ சாவிகளுக்கும் தனியாக ஓர் அணுகல் பட்டியல் உண்டு. ஒன்றில் சேர்த்த முகவரி மற்றொன்றில் தானாக வராது. உள்கட்டமைப்பைக் கோட் மூலம் அமைக்கும் கருவியான டெராஃபார்ம் ஓடும்போது 403 பிழை வந்தால் பார்க்க வேண்டியது ஏபிஐ சாவியின் பட்டியல், ப்ராஜெக்ட்டின் பட்டியல் அல்ல.

'பாஸ்வேர்ட் பலமாக இருக்கிறதே, முகவரிக் கட்டுப்பாடு எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. 2017 ஜனவரியில், இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களின் தரவை அழித்துவிட்டுப் பிணைத்தொகை கேட்டார்கள். அவை பெரும்பாலும் பாஸ்வேர்டே இல்லாமல் தாமாக நிறுவிய சர்வர்கள். அட்லஸில் பாஸ்வேர்ட் இல்லாமல் இணைய முடியாது என்பதால் அதே விபத்து அப்படியே நடக்காது. ஆனால் இணைப்புச் சரம் (கிளஸ்டர் பெயர், யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் சேர்ந்த வரி) கோட் ரெப்போவில் கசிவது இன்றும் நடக்கிறது. பட்டியல் இறுக்கமாக இருந்தால் கசிந்த பாஸ்வேர்டை வெளியாள் பயன்படுத்த முடியாது, அதை மாற்ற நமக்கு நேரம் கிடைக்கும். 0.0.0.0/0 இருந்தால் அந்த நேரம் இல்லை.

முகவரித் தொகுதிக் கணக்கு

முகவரிக்குப் பின்னால் / குறியோடு வரும் எண் தொகுதியின் அளவைச் சொல்லும், எண் குறையக் குறையத் தொகுதி பெரிதாகும். ஒரே முகவரி என்றால் 203.0.113.25/32. /29 என்றால் 8 முகவரிகள், /28 என்றால் 16, /24 என்றால் 256, /16 என்றால் 65,536. தொகுதி அதன் எல்லையில்தான் தொடங்கும். 203.0.113.16/28 என்பது .16 முதல் .31 வரை. 203.0.113.20/28 என்று எழுதினாலும் அது .20இல் தொடங்காது, அதே .16 முதல் .31 வரைதான். உங்களுடையவை .20 முதல் .23 வரையிலான நான்கே என்றால் 203.0.113.20/30 போதும்.

10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்றும் உள் நெட்வொர்க்குக்கு ஒதுக்கப்பட்டவை. பொது இணையம் வழியாக இணைபவருக்கு இவற்றைப் பட்டியலில் சேர்ப்பது வீண், ஏனென்றால் அட்லஸ் அந்த முகவரியைப் பார்க்கவே போவதில்லை. லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் 192.168.1.7 என்று பார்த்து அதையே சேர்ப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. 100.64.0.0/10க்குள் வரும் முகவரியும் பொது முகவரி அல்ல. அது இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும்போது கொடுப்பது. அப்படிப்பட்ட இணைப்பின் பொது முகவரியைச் சேர்த்தால், முன்பின் தெரியாத பலரும் அதே முகவரியில் இருப்பார்கள்.

படி 1: யார் யார் இணைகிறார்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: செயலிச் சர்வர்கள், பின்னணி வேலைகள், மாதாந்திர அறிக்கை, பகுப்பாய்வுக் கருவி, சிஐ பைப்லைன் (கோடைத் தானாகச் சோதித்து வெளியிடும் அமைப்பு), டெவலப்பர்கள், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். எம்10 (தனி சர்வர்களில் ஓடும் கிளஸ்டர் அளவு) மற்றும் அதற்கு மேற்பட்ட கிளஸ்டர்களில் டேட்டாபேஸ் அணுகல் வரலாறு என்ற பக்கம் இருக்கிறது. கடந்த 7 நாட்களில் எந்த யூசர், எந்த ஐபியிலிருந்து உள்ளே வந்தார் அல்லது வர முயன்றார் என்று அதில் தெரியும். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடியுங்கள். சொந்தக்காரர் இல்லாத முகவரி ஒன்று மிஞ்சினால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் விசாரியுங்கள்.

7 நாள் என்பதை மறக்கக் கூடாது. மாத முதல் தேதியில் மட்டும் ஓடும் வேலை 20ஆம் தேதி பார்த்தால் அதில் இருக்காது. கால அட்டவணைகளைத் தனியாகத் தேடுங்கள்.

படி 2: வெளியேறும் முகவரியை அந்த இயந்திரத்திலிருந்தே பாருங்கள்

அட்லஸ் திரையில் 'தற்போதைய ஐபியைச் சேர்' என்ற பட்டன் இருக்கிறது. அது காட்டுவது உங்கள் பிரவுசரின் முகவரியை. சர்வரின் முகவரியை அல்ல என்பது எல்லோருக்கும் புரிகிறது. அதே லேப்டாப்பிலிருந்து இணைந்தால்கூட அந்த முகவரி மாறக்கூடும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. அலுவலகத்தில் பிரவுசர் மட்டும் ப்ராக்ஸி வழியாகப் போய், டேட்டாபேஸ் இணைப்பு வேறு வழியாக வெளியேறலாம். விபிஎன் போட்டிருந்தாலும், அது உள் நெட்வொர்க்குக்கான போக்குவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீட்டு இணைப்பிலேயே விடும்படி அமைந்திருக்கலாம்.

ஆகவே இணையப்போகும் இயந்திரத்துக்குள் போய், கர்ல் கட்டளையால் பொது ஐபியைத் திருப்பித் தரும் சேவை ஒன்றைக் கேளுங்கள். கட்டளையோடு -4 சேருங்கள். இல்லாவிட்டால் ஐபிவி6 முகவரி வந்து குழப்பும். கன்டெய்னர் என்றால் அதற்குள்ளிருந்தே கேளுங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் என்றால் வெவ்வேறு நோடுகளில் (இயந்திரங்களில்) இருக்கும் பாட்களிலிருந்து (கன்டெய்னர் தொகுப்புகளிலிருந்து) தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பதில் வந்தால் ஒரே வாசல். வேறுவேறு பதில்கள் வந்தால் அத்தனையும் தேவை.

படி 3: முகவரியை நிலையாக்குங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், செலவிட்ட நேரத்துக்குப் பலனும் இங்கேதான் அதிகம்.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இசி2 இயந்திரத்துக்குத் (வாடகைச் சர்வருக்குத்) தானாகக் கிடைக்கும் பொது முகவரி, இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் மாறிவிடும். ரீபூட் செய்தால் மாறாது. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய சர்வர், அளவு மாற்றுவதற்காக ஒருமுறை நிறுத்தப்பட்டதும் டேட்டாபேஸை இழப்பது இதனால்தான். ஒற்றைச் சர்வருக்கு எலாஸ்டிக் ஐபி என்னும் நிலையான முகவரி ஒன்றை இணைத்தால் போதும்.

சர்வர்கள் கூடிக் குறையும் அமைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் பிரைவேட் சப்நெட்டில் (நேரடி இணைய வழி இல்லாத நெட்வொர்க் பகுதியில்) வைத்து, நாட் கேட்வே என்ற பொது வாசல் வழியாக வெளியே அனுப்புங்கள். அப்போது எத்தனை சர்வர்கள் வந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது நாட் கேட்வேயின் முகவரி மட்டும். குபர்நெட்டீஸ் நோடுகளுக்குப் பொது முகவரி கொடுத்திருந்தால், ஆட்டோஸ்கேலர் புது நோடு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் புது முகவரி வரும். அங்கேயும் தீர்வு பிரைவேட் நோடுகளும் நாட் கேட்வேயும்தான்.

வழக்கமான ஏடபிள்யூஎஸ் அமைப்பில் ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனுக்கும் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிக்கும்) ஒரு நாட் கேட்வே இருக்கும். மூன்று ஸோன் என்றால் மூன்று எலாஸ்டிக் ஐபி, பட்டியலில் மூன்று வரிகள். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டுச் சோதித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூன்று பாட்களில் ஒன்று நன்றாக ஓடும், இரண்டு தொடங்கும்போதே விழும். சோதித்தவர் அந்த ஒன்றுக்குள் இருந்திருந்தால் 'எனக்கு வேலை செய்கிறதே' என்பார். சில சமயம் கிடைத்து, சில சமயம் கிடைக்காமல் போகும் இணைப்புப் பிழையைப் பார்த்தால், முதலில் ஸோன்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

லாம்டா ஃபங்ஷனுக்கு (தேவைப்படும்போது மட்டும் ஏடபிள்யூஎஸ் ஓட்டும் கோடுக்கு) இயல்பாக நிலையான வெளி முகவரி கிடையாது. அதை விபிசிக்குள் (கிளவுடில் உங்களுக்கென உள்ள தனி நெட்வொர்க்குக்குள்), பிரைவேட் சப்நெட்டில் வைத்து, அந்த சப்நெட்டின் ரூட் டேபிளில் 0.0.0.0/0 வழியை (இங்கே அதற்கு வெளியே போகும் எல்லாப் போக்குவரத்தும் என்று பொருள்) நாட் கேட்வேக்குத் திருப்ப வேண்டும். பப்ளிக் சப்நெட்டில் வைத்தால் இணையம் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. விபிசியில் உள்ள லாம்டாவுக்குப் பொது முகவரி ஒதுக்கப்படுவதில்லை, எனவே வெளியே போகவே முடியாது.

கூகுள் கிளவுடில் கிளவுட் நாட் அமைக்கும்போது முகவரியைத் தானாக ஒதுக்கும்படி விடாதீர்கள். நிலையான முகவரியை முன்பதிவு செய்து, கைமுறை ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். தானாக ஒதுக்கினால் தேவைக்கேற்ப முகவரி கூடும், குறையும். பட்டியலுக்கு அது தெரியாது. இன்னொன்றும் அங்கே கவனிக்க வேண்டும். நிலையான போர்ட் ஒதுக்கீட்டில் ஒவ்வொரு விஎம்முக்கும் குறைந்தபட்சமாக 64 போர்ட் தருவதுதான் இயல்புநிலை. அதாவது ஒரே இலக்குக்கு ஒரே நேரத்தில் 64 இணைப்புகள். மாங்கோடிபி டிரைவரின் (செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் நூலகத்தின்) இணைப்புக் குளம், அதாவது திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு, இயல்பாக ஒரு சர்வருக்கு 100 வரை வளரும். போக்குவரத்து கூடும்போது பிரைமரியை (கிளஸ்டரில் எழுதும் வேலையை ஏற்கும் சர்வரை) நோக்கி 65ஆவது இணைப்பு திறக்காது. பட்டியல் சரியாக இருக்கும், பாஸ்வேர்ட் சரியாக இருக்கும், பரபரப்பான நேரத்தில் மட்டும் டைம்அவுட் வரும். குறைந்தபட்ச போர்ட் எண்ணிக்கையை உயர்த்துங்கள், அல்லது குளத்தின் உச்ச அளவைக் குறையுங்கள்.

ஏடபிள்யூஎஸ் நாட் கேட்வேயில் வேறொரு சிக்கல். 350 விநாடி சும்மா இருக்கும் இணைப்பை அது மறந்துவிடும். அதன்பின் அந்த இணைப்பில் தரவு அனுப்பினால் அறுந்து போகும். இரவில் அமைதியாக இருக்கும் செயலிகளில் காலை முதல் கோரிக்கை தோற்பதற்கு இது ஒரு காரணம். டிரைவரில் சும்மா இருக்கும் இணைப்புக்கான உச்ச நேரத்தை 300 விநாடிக்குக் கீழே வையுங்கள்.

படி 4: பட்டியலில் எழுதுதல்

ப்ராஜெக்ட் ஓனர் பொறுப்புள்ள கணக்கில் நுழைந்து, பாதுகாப்புப் பிரிவில் நெட்வொர்க் அணுகல் பக்கத்தைத் திறந்து, ஐபி முகவரி சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள். முகவரியை அல்லது தொகுதியை எழுதி, குறிப்புப் பெட்டியையும் நிரப்பிய பிறகே உறுதிசெய்யுங்கள். நிலை சிறிது நேரம் காத்திருப்பில் இருந்து, பிறகு செயலில் உள்ளது என்று மாறும். மாறும்வரை சோதிக்காதீர்கள்.

குறிப்புப் பெட்டியைக் காலியாக விடுவதுதான் இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு. ஒரு வருடம் கழித்து 198.51.100.77 என்ற வரியை நீக்கலாமா என்று யாருக்கும் தெரியாது, பயந்து விட்டுவிடுவார்கள். 'ப்ரொடக்‌ஷன் நாட், ஸோன் அ, பிளாட்ஃபார்ம் குழு, டிக்கெட் 412' என்கிற அளவுக்கு எழுதினால் போதும். யாருடையது, எது, எங்கே கேட்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

ஒரு ப்ராஜெக்ட்டில் 200 வரிகள் வரை வைக்கலாம். அந்த எல்லையை நெருங்குகிறீர்கள் என்றால் தனிநபர் முகவரிகள் குவிந்திருக்கின்றன என்று அர்த்தம். டெவலப்பர்களை விபிஎன் பின்னால் கொண்டுவந்து, அட்லஸ் போக்குவரத்தும் அந்த விபிஎன் வழியாகவே வெளியேறும்படி அமைத்தால் ஐம்பது வரிகள் ஒன்றாகச் சுருங்கும்.

டெராஃபார்மில் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வரியின் முகவரியை மாற்றினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை உருவாக்குவதே இயல்பு. இடையில் இரண்டும் இல்லாத நேரம் ஒன்று வரும். முதலில் உருவாக்கி, பிறகு அழிக்கும் லைஃப்சைக்கிள் அமைப்பைச் சேருங்கள்.

படி 5: ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் 0.0.0.0/0ஐ நீக்குதல்

சரியான எல்லா முகவரிகளையும் முதலில் சேருங்கள். அனைத்தும் செயலில் உள்ளன என்று உறுதிசெய்யுங்கள். பிறகு அணுகல் வரலாற்றில் கடைசி 7 நாட்களின் ஒவ்வொரு முகவரியும் புதிய வரிகளில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்குகிறதா என்று சரிபாருங்கள். அதன்பின்தான் 0.0.0.0/0ஐ நீக்க வேண்டும். குழு முழுவதும் விழித்திருக்கும் நேரத்தில், புதிய வெளியீடு எதுவும் இல்லாத நாளில் செய்யுங்கள்.

நீக்கியதும் எதுவும் உடையவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். பட்டியலிலிருந்து எடுத்த முகவரியின் பழைய இணைப்புகள் உடனே மூடப்படுவதில்லை. அவை எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. குளத்தில் இருக்கும் பழைய இணைப்புகளை வைத்துக்கொண்டு செயலி நன்றாகவே ஓடும். இரவு ஒரு பாட் மறுபடி தொடங்கும்போதோ, பிரைமரி மாறும்போதோ புது இணைப்பு தேவைப்படும். விடுபட்ட முகவரி அப்போதுதான் தெரியவரும். எனவே நீக்கிய உடனே ஒவ்வொரு சேவையிலும் ஒரு பிரதியை, ஒவ்வொரு ஸோனிலும் ஒன்றையாவது, நீங்களே மறுதொடக்கம் செய்து அது இணைகிறதா என்று பாருங்கள். பின்னணி வேலைகளையும் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கச் சோதனையும் தேவை. பட்டியலில் இல்லாத இணைப்பிலிருந்து, உதாரணமாக மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து, இணைய முயன்று தோற்கிறதா என்று பாருங்கள். 0.0.0.0/0ஐ நீக்கிவிட்டு 0.0.0.0/1, 128.0.0.0/1 என்ற இரண்டு வரிகளைக் கவனிக்காமல் விட்டால் உலகம் முழுவதும் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

பல ப்ராஜெக்ட் உள்ள நிறுவனம் என்றால், 0.0.0.0/0 சேர்ப்பதையே தடைசெய்யும் விதியை அட்லஸின் ரிசோர்ஸ் பாலிசி வழியாக நிறுவன அளவில் போடலாம். ஒருமுறை துடைத்த இடம் மறுபடி அழுக்காகாமல் இருக்க இது உதவும்.

படி 6: வந்து போகிறவர்கள்

வெளியூரிலிருந்து அவசரமாக வேலை பார்க்கும் டெவலப்பருக்கு நிரந்தர வரி வேண்டாம். சேர்க்கும்போதே தற்காலிகம் என்று குறித்து 6 மணிநேரம், 1 நாள், 1 வாரம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். காலம் முடிந்ததும் அட்லஸே நீக்கிவிடும். டேட்டாபேஸ் யூசருக்கும் அதே போலக் காலவரம்பு வைக்கலாம். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

சிஐ பைப்லைன் இன்னும் கடினம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற சேவைகளின் பொதுவான ரன்னர்கள் (பைப்லைனை ஓட்டும் இயந்திரங்கள்) மிகப் பெரிய முகவரித் தொகுதிகளிலிருந்து வருகின்றன, அவை மாறவும் செய்யும். அந்தத் தொகுதிகளை எல்லாம் சேர்ப்பது, அந்தச் சேவையைப் பயன்படுத்தும் யாரும் உங்கள் கிளஸ்டரின் வாசல்வரை வரலாம் என்று சொல்வதற்குச் சமம். நாட் கேட்வேக்குப் பின்னால் சொந்த ரன்னர் வைப்பது சிறந்தது. முடியாவிட்டால், பைப்லைன் தொடங்கும்போது தன் முகவரியைக் கண்டறிந்து, ஏபிஐ வழியாகக் காலாவதி நேரத்தோடு ஒரு வரியைச் சேர்த்து, முடியும்போது நீக்கட்டும். பைப்லைன் நடுவில் தோற்றாலும் நீக்கும் படி ஓட வேண்டும். அதுவும் ஓடாமல் போனால் காலாவதி நேரம் காப்பாற்றும், அதனால் அதைத் தவிர்க்கக் கூடாது. இந்த வழியில் ஏபிஐ சாவி எந்த முகவரியிலிருந்தும் செயல்பட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்தச் சாவி கசிந்தால் அது கையில் கிடைத்தவர் தன்னையே பட்டியலில் சேர்த்துக்கொள்வார். இதனால்தான் சொந்த ரன்னரை முதலில் சொன்னோம்.

படி 7: பொது இணையத்தையே தவிர்த்தல்

எம்10 மற்றும் அதற்கு மேற்பட்ட டெடிகேட்டட் கிளஸ்டர்களுக்கு இரண்டு தனிவழிகள் உண்டு. இலவச எம்0வில் இவை கிடையாது.

ஒன்று விபிசி பியரிங், அதாவது உங்கள் நெட்வொர்க்கையும் அட்லஸின் நெட்வொர்க்கையும் நேரடியாக இணைப்பது. உங்கள் நெட்வொர்க்கின் முகவரித் தொகுதியும் அட்லஸ் பக்கத்துத் தொகுதியும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. ப்ராஜெக்ட்டில் எம்10 கிளஸ்டரோ பியரிங்கோ உருவாகிவிட்டால் அட்லஸ் பக்கத்துத் தொகுதியை மாற்ற முடியாது. ஆகவே கிளஸ்டர் உருவாக்கும் முன்பே தொகுதியைத் தீர்மானியுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் பியரிங் கோரிக்கையை 7 நாட்களுக்குள் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதியாகும். ஏற்ற பிறகும் மூன்று வேலைகள் பாக்கி இருக்கும்: ரூட் டேபிளில் அட்லஸ் தொகுதிக்கு வழி, விபிசியில் டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம், டிஎன்எஸ் ரெசல்யூஷன் இரண்டையும் இயக்குவது, அணுகல் பட்டியலில் உங்கள் விபிசியின் தனியார் தொகுதியைச் சேர்ப்பது. மூன்றாவதைத்தான் மறப்பார்கள். பியரிங் இருந்தாலும் பட்டியல் பட்டியல்தான், விலக்கு இல்லை.

மற்றொன்று பிரைவேட் எண்ட்பாயின்ட், அதாவது உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே அட்லஸுக்கு ஒரு வாசல் வைப்பது. இதில் இணைப்பு உங்கள் பக்கத்திலிருந்து அட்லஸுக்கு மட்டுமே தொடங்க முடியும். அட்லஸ் பக்கத்திலிருந்து உங்கள் நெட்வொர்க்குக்குள் யாரும் வர இயலாது. முகவரித் தொகுதி மோதும் சிக்கலும் இல்லை. இந்த வழியே வரும் இணைப்புக்கு அணுகல் பட்டியல் பொருந்தாது. எல்லாச் செயலிகளும் இதற்கு மாறிவிட்டால் பட்டியலைக் காலியாகவே விட்டுப் பொதுப்பக்கத்தை முழுக்க மூடலாம். ஏடபிள்யூஎஸ்ஸில் இதை அமைக்கும்போது எண்ட்பாயின்ட்டின் செக்யூரிட்டி குரூப்பில் (ஃபயர்வால் விதிகளில்) மாங்கோடிபியின் வழக்கமான போர்ட்டான 27017 மட்டும் திறந்தால் போதாது. 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களை உங்கள் செயலிகளிலிருந்து அனுமதிக்க வேண்டும். இணைப்புச் சரமும் வேறு. பழைய சரத்தையே வைத்திருந்தால் செயலி பொதுவழியில்தான் போகும். பட்டியலைக் காலி செய்த அன்று அது தெரியவரும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை பிரைவேட் எண்ட்பாயின்ட்தான். பியரிங்கை ஏற்கெனவே நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

இணைப்பு கிடைக்காதபோது

டிஎன்எஸ் (பெயரிலிருந்து முகவரி), டிசிபி (இணைப்பு), டிஎல்எஸ் (மறையாக்கம்), யூசர் சரிபார்ப்பு என்ற வரிசையில் சோதியுங்கள். எங்கே நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

கிளஸ்டர் பெயரின் எஸ்ஆர்வி பதிவை (அதன் சர்வர்களைப் பட்டியலிடும் டிஎன்எஸ் பதிவை) என்எஸ்லுக்கப் கட்டளையால் கேளுங்கள். பதில் வராவிட்டால் பிரச்சினை டிஎன்எஸ்ஸில், பட்டியலைத் தொடாதீர்கள். பதிலில் வரும் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் 27017 போர்ட்டை என்சி கட்டளையால் தட்டுங்கள். வழக்கமாக மூன்று ஹோஸ்ட் இருக்கும், மூன்றையும் தட்டுங்கள். உங்கள் பக்கத்து ஃபயர்வாலில் பிரைமரியை மட்டும் அனுமதித்திருந்தால் இன்று எல்லாம் ஓடும், பிரைமரி மாறும் நாளில் எழுதும் வேலை நிற்கும்.

பதிலே இல்லாமல் டைம்அவுட் ஆனால் இரண்டு சாத்தியங்கள்: அட்லஸ் பட்டியலில் முகவரி இல்லை, அல்லது உங்கள் அலுவலக ஃபயர்வால் வெளியே போகும் 27017ஐ மறிக்கிறது. 80, 443 மட்டும் திறந்திருக்கும் அலுவலகங்கள் நிறைய. வேறு நெட்வொர்க்கிலிருந்து, அதன் முகவரியைத் தற்காலிகமாகச் சேர்த்துச் சோதித்தால் எது என்று பிரிந்துவிடும்.

எம்0 போன்ற பகிர்ந்த கிளஸ்டரில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே பட்டியலில் இல்லாத முகவரிக்கும் டிசிபி இணைப்பு கிடைத்துவிடும். அடுத்த கட்டமான டிஎல்எஸ்ஸில்தான் 'இன்டர்னல் எரர்', எச்சரிக்கை எண் 80 என்று அறுக்கும். சான்றிதழ் பிரச்சினை என்று நினைத்து மணிக்கணக்கில் டிஎல்எஸ் அமைப்பைக் குடைய வேண்டாம். முதலில் பட்டியலைப் பாருங்கள்.

'பேட் ஆத்' என்ற பிழை, எண் 8000, வந்தால் நல்ல செய்தி. முகவரி ஏற்கப்பட்டுவிட்டது, மீதமிருப்பது யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட். பாஸ்வேர்டில் @, :, / போன்ற குறிகள் இருந்தால் இணைப்புச் சரத்தில் அவற்றைச் சதவீதக் குறியீடாக மாற்றி எழுத வேண்டும். @ என்பது %40.

லாம்டாவில் காரணமே தெரியாமல் ஃபங்ஷன் செத்துப்போனால் நேரங்களை ஒப்பிடுங்கள். டிரைவர் சர்வரைத் தேடிக் காத்திருக்கும் இயல்பு நேரம் 30 விநாடி, லாம்டாவின் இயல்பு ஆயுள் 3 விநாடி. பிழையைச் சொல்வதற்குள் ஃபங்ஷன் முடிந்துவிடுகிறது. டிரைவரின் நேரத்தை 5 விநாடியாகவும் ஃபங்ஷனின் நேரத்தை 15 விநாடியாகவும் வைத்தால் உண்மையான பிழை லாக்கில் வரும்.

பராமரிப்பு

கிளவுடில் நாம் விட்டுவிட்ட முகவரி காலியாக இருக்காது, வேறொரு வாடிக்கையாளருக்குப் போகும். ஆகவே எலாஸ்டிக் ஐபி ஒன்றை விடுவிப்பதற்கு முன் அதைப் பட்டியலிலிருந்து எடுங்கள், பிறகு விடுவியுங்கள். வரிசை மாறினால் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வர் உங்கள் பட்டியலில் இருக்கும். சர்வரை ஒழிக்கும் நடைமுறைப் பட்டியலில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலில் யார் எப்போது எதைச் சேர்த்தார், எடுத்தார் என்பது ப்ராஜெக்ட்டின் செயல்பாட்டுப் பதிவில் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவையும் பட்டியலையும் அணுகல் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 7 நாள் வரலாற்றில் ஒருமுறைகூட வராத வரிகளின் சொந்தக்காரரைக் கேளுங்கள். மாதாந்திர வேலை என்றால் குறிப்பில் அதை எழுதி வையுங்கள். சொந்தக்காரரே இல்லை என்றால் அந்த வரியைக் கையால் நீக்கி, அதே முகவரியை 1 வாரத் தற்காலிக வரியாக மறுபடி சேருங்கள். இடையில் சில நிமிட இடைவெளி வந்தாலும் பழைய இணைப்புகள் பெரும்பாலும் தாங்கும். அந்த வாரத்தில் யாராவது அந்த முகவரியிலிருந்து வந்தால் வரலாற்றில் தெரியும். வராவிட்டால் வரி தானாகப் போய்விடும்.